யம்னாவின் பதினாறு கட்டுகள்

எங்கள் வியாழச் சந்தையில் குர்னினா விற்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் உண்டு. யம்னாவின் கட்டுகள் தீர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போணியாகும். குர்னினா என்பது காட்டு முள்செடிதான். மழை விழுந்ததும் மலைச்சரிவில் தரையோடு தரையாக வட்டமாகப் படரும், தொட்டால் கையைக் கிழிக்கும். முள்ளையும் இலையையும் உருவி எறிந்துவிட்டு நடுத்தண்டை மட்டும் ஆட்டுக்கறியோடு வேகவிட்டால் வாயில் கரையும். மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை மதியம், ஆவியில் வேகவைத்த கோதுமை ரவைக் குஸ்குஸ் தட்டில் அது இல்லாவிட்டால் எங்கள் வீட்டு ஆண்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. முள்ளை உருவிப் பார்த்திருந்தால் தெரியும் அவர்களுக்கு.

உருவிக் கட்டித்தான் விற்க வேண்டும் என்பது சந்தை வழக்கம். இலையோடு கொண்டுவந்தால் சோம்பேறி என்று பெயர் வரும். ஆனால் உருவிய தண்டைப் பார்த்து இது இன்ன செடியின் தண்டு என்று சொல்ல எந்தக் கொம்பனாலும் முடியாது. அதனால் வாங்குகிறவள் தண்டைப் பார்க்க மாட்டாள், உருவியவளின் முகத்தைத்தான் பார்ப்பாள். யம்னா தன் கட்டுகளைச் சிவப்புக் கம்பளி நூலால் கட்டுவாள். சிவப்பு நூலைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஊரில் பேச்சு.

இந்த நம்பிக்கை எதற்கு இவ்வளவு பெரிய விஷயம் என்றால், அதே மலையில், அதே மழைக்கு, அதே மாதிரி வட்டமாகப் படருகிற இன்னொரு முள்செடியும் இருக்கிறது. அத்தாத். அதை வெட்டினால் பால் வடிந்து பிசினாகக் கட்டிக்கொள்ளும். நாக்குக்கு இனிப்பு. தின்றவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மறுநாள் தலைவலி, வாந்தி. அதற்கடுத்த நாள் ஈரல் போய்விடும், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும் பெரும்பாலும் பாயில் சுற்றித்தான் திரும்பி வருவார்கள். பேய் பிசாசு அண்டாமலிருக்க அதன் காய்ந்த கிழங்கைப் பெண்கள் புகை போடுவார்கள். வேறு ஒரு காரியத்துக்காகவும் சில பெண்கள் அதை வைத்திருப்பார்கள் என்பதை எங்கள் ஊரில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை.

யம்னாவைப் பற்றி அப்படி ஒரு முணுமுணுப்பு இருந்தது. அவள் புருஷன் சயீது லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், கல் மாதிரி ஆள். ஒரு கோடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான், ஆறாம் நாள் போய்ச் சேர்ந்தான். தண்ணீர்தான் கெட்டிருந்தது, அந்த வருஷம் அக்கம்பக்கத்தில் இன்னும் நாலு பேர் அதே மாதிரி போனார்கள். ஆனாலும் மாமியார்க்காரி நாற்பதாம் நாள் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும், "என் பிள்ளை அவ கைச்சோறுதான் தின்னான்" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அது போதுமே. யம்னாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, இடுப்பில் ஒரு பெண் குழந்தை. மாமியார் செத்தும் பத்து வருஷம் ஆகிவிட்டது. மகளைக் கட்டிக்கொடுத்து அவளும் மெக்னாஸ் நகரத்துக்குப் போய்விட்டாள். அந்த வார்த்தை மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. சிவப்பு நூல் அதன் மேல் மெல்ல மெல்ல மூடிய மண், அவ்வளவுதான்.

வறட்சி வருஷங்களில் மலையில் குர்னினா அருகிப் போயிற்று. ஒரு கூடை பறிக்க யம்னா இரண்டு மலை தாண்டி நடக்க வேண்டியிருந்தது. முழங்கால் போய்க்கொண்டிருந்தது அவளுக்கு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. சுனைக்கரையில் அவளுக்கு நாலைந்து பாய் அகலத்துக்குக் கொல்லை இருந்தது. முதல் மழை விழுந்த அன்று, புதர்க்கோட்டைச் சரிவில், போன வருஷத்துக் காய்ந்த தண்டுகள் நிற்கிற இடமாகப் பார்த்துக் கிழங்குகளைத் தோண்டிக் கழுதை மேல் போட்டுக் கொண்டுவந்து கொல்லையில் வரிசையாக நட்டாள்.

ஊருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"முள்ளைப் போய் எவளாவது நட்டு வளப்பாளா? அடுத்த வருஷம் கல்லு நடப்போறா பாரு" என்றான் மூஹா. சந்தையில் கூவி அறிவிப்பது அவன் தொழில். தொலைந்த ஆடு, செத்தவர் செய்தி, வரி கட்டும் நாள் எல்லாம் அவன் தொண்டை வழியாகத்தான் ஊருக்கு வரும்.

"நட்டா உனக்குத்தான் முதல்ல போடுவேன், வாய் கொஞ்சம் மூடியிருக்கும்" என்றாள் யம்னா.

அவள் சும்மா நடவில்லை. இலை கிளம்பியதும் மண்ணை அணைத்து, மேலே வைக்கோல் போட்டு மூடினாள். வெயில் படாததால் தண்டுகள் வெள்ளை வெளேரென்று, கசப்பே இல்லாமல் வந்தன. முழு நம்பிக்கை வந்துவிட்டது அவளுக்கு. மலையில் பறிக்கும்போது ஒவ்வொரு செடியையும் புரட்டிப் பார்ப்பாள். குர்னினா இலையில் வெள்ளை நரம்பு தெளிவாக ஓடும், அத்தாத் இலை சாம்பல் பூத்து இன்னும் பொடிப்பொடியாகக் கிழிந்திருக்கும். இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் கை தவறியதில்லை. தன் கொல்லையில் எதற்குப் புரட்டிப் பார்க்க வேண்டும்? நட்டவள் அவள்தானே. வைக்கோலுக்கு அடியில் எல்லாம் ஒரே வெள்ளை. விடியலில் விரலால் தடவித் தடவி வெட்டி, உருவி, பதினாறு கட்டு கட்டி, அந்த வியாழக்கிழமை சந்தைக்குக் கொண்டுபோனாள். நண்பகலுக்குள் பதினாறும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டு, வெட்டிய கிழங்குகள் வெயிலில் வாடாமலிருக்க மண் மூடப் போனாள். கிழங்கு உயிரோடு இருந்தால் அடுத்த வருஷமும் தழைக்கும். மூன்றாவது வரிசையில், மதில் ஓரத்தில், ஒரு வெட்டு வாயில் சுண்டல் அளவுக்கு ஏதோ திரண்டிருந்தது. நத்தை என்று நினைத்துத் தட்டிவிடப் போனாள். விரலில் ஒட்டிக்கொண்டது.

குர்னினாவும் பால் விடும், ஆனால் அது காய்ந்து மெல்லிசாகப் பழுப்பேறிவிடும். இப்படிப் பிசினாகத் திரளாது. யம்னா குந்தியபடியே கையால் மண்ணைப் பறித்தாள். மணிக்கட்டு கனத்துக்குக் கறுப்பாக ஒரு கிழங்கு இறங்கிப் போயிற்று. அது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மழையில் சேற்றோடு சேறாக அவசரமாகத் தோண்டியபோது கூடவே வந்திருக்கிறது. அவள் நட்டிருக்கிறாள். தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். வைக்கோல் போட்டுப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்கிறாள்.

வெட்டு புதிசு. இன்று காலையில் அவள் கத்தி போட்ட வெட்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் போய் வாந்தியெடுத்தாள். பதினாறில் ஏதோ ஒன்றில் அது இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை. நாளை மதியம் பதினாறு வீட்டில் தட்டைச் சுற்றி உட்காருவார்கள், பிள்ளைகள் தண்டைத்தான் முதலில் பொறுக்கித் தின்னும்.

சும்மா இருந்துவிட்டால் என்ன என்று அவள் நினைக்கவே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவள் ஆவேன். நினைத்தாள். தேநீர்ப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கிற நேரம் வரைக்கும் நினைத்தாள். யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு வீட்டில் நோவு வரும், கறி கெட்டிருந்தது என்பார்கள். வாயைத் திறந்தாலோ, புருஷனைத் தின்றவள் வீட்டுக் கொல்லையில் அத்தாத் வளர்க்கிறாள் என்று ஆகிவிடும். யார் நம்புவார்கள் தெரியாமல் நட்டது என்று? குர்னினாவை நட்டதற்கே சிரித்த ஊர். இதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் அவள் செருப்பைத் தேடினாள், ஒன்றுதான் கிடைத்தது, அதையும் விட்டுவிட்டு ஓடினாள்.

சந்தை கலைந்துகொண்டிருந்தது. மூஹா தன் கோவேறுகழுதையில் சேணம் கட்டிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க அவள் சொன்னதைக் கேட்டதும் அவன் கை நின்றது.

"மெதுவாப் பேசு. யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"உன்கிட்டதான் சொல்றேன். கூவு."

"கூவலாம். எவளோ ஒருத்தி கட்டுல கெட்டது கலந்துடுச்சு, எல்லாரும் இன்னிக்கு வாங்கின குர்னினாவைக் கொட்டிடுங்கன்னு கூவறேன். உன் பேரு எதுக்கு?"

"பேரு சொல்லலைன்னா எவ கொட்டுவா? என்னுது யம்னா கட்டு, சுத்தமானதுன்னு சிவப்பு நூலை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைக் கொட்டுவாளுங்க."

மூஹா அவளைப் பார்த்தான். சேணத்தை இறக்கிக் கீழே வைத்தான்.

"யோசிச்சுக்கோ அக்கா. நான் கத்துன பிறகு திரும்ப வாங்க முடியாது."

"கத்துடா."

அவன் மாவுக் கடைத் திண்டில் ஏறினான். "நல்லோரே, கேளுங்க! மறைந்த சயீது பெண்டாட்டி யம்னா இன்னிக்கு வித்த குர்னினாவுல அத்தாத் கலந்திருக்கு! சிவப்பு நூல் கட்டு! வாயில வைக்காதீங்க, ஆட்டுக்கும் போடாதீங்க, எடுத்துக்கிட்டு வாங்க!" ஒருவன் கீழேயிருந்து, அது எங்கே முளைத்தது என்று கேட்டான். யம்னா சொன்னாள், மற்றவர்களின் பிள்ளைகளும் அங்கே போய்த் தோண்டிவிடக்கூடாதே என்று. மூஹா அதையும் சேர்த்தே கூவினான்: "புதர்க்கோட்டைச் சரிவு! ஒத்தை அத்திமரத்துக்குக் கீழே! யாரும் தோண்டாதீங்க!" சந்தையின் மற்ற மூன்று மூலைக்கும் போய் மூன்று தடவை கூவினான். அத்தாத் என்ற சொல் அப்படிப் பகல் வெளிச்சத்தில், ஒரு பெண்ணின் பெயரோடு சேர்ந்து, எங்கள் சந்தையில் ஒலித்ததே இல்லை.

சூரியன் சாய்வதற்குள் ஒன்பது கட்டு வந்து சேர்ந்தது. யாரும் கையில் கொடுக்கவில்லை. அவள் காலடியில் எறிந்தார்கள். சேணக்காரனின் பெண்டாட்டி மட்டும் நின்று கேட்டாள்.

"தெரியாம நட்டியா, தெரிஞ்சு நட்டியா?"

"தெரிஞ்சிருந்தா கூவச் சொல்லுவேனாடி?"

"உன் மாமியா சொன்னப்ப நான் நம்பலை. இப்பவும் நம்பலை. ஆனாலும் இனிமே என் வாசல் பக்கம் வராத."

மீதி ஏழு கட்டையும் தேடி அவள் வீடு வீடாகப் போனாள். யார் யார் வாங்கினார்கள் என்று முகங்களை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்தபடியே நடந்தாள். பள்ளிவாசல் ஆசானின் மனைவி கெல்தூம் விருந்தாளிகளுக்காக அன்றைக்கே அடுப்பில் ஏற்றிவிட்டிருந்தாள்.

"குர்ஆன் ஓதுற வீட்டுல அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது யம்னா. ரெண்டு கிலோ கறி உள்ள கிடக்கு" என்றாள்.

யம்னா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பானையை இறக்கி முற்றத்திலேயே கவிழ்த்தாள். கெல்தூம் போட்ட கூச்சலில் விருந்தாளிகள் செருப்பில்லாமல் வெளியே வந்தார்கள். கறிக்காக அழுதாளே தவிர, உயிருக்காக இல்லை. அன்று ராத்திரி அவள் எல்லோரிடமும் சொன்ன கதையில் யம்னா பிசாசு பிடித்தவளாக வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் பதினைந்து ஆகியிருந்தது. ஒன்று பாக்கி. வாங்கினது யார்? கடைசியாக வாங்கினவள், பச்சைத் தலைத்துணி, முதுகில் குழந்தை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இடையனின் பெண்டாட்டி தாமு. மூஹாவின் குரல் அங்கே எட்டியிருக்காது. யம்னா இடுப்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தாள். பள்ளிவாசலில் மதிய அழைப்பு கேட்டபோது அவள் இன்னும் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் தொழுதுவிட்டு உட்காருவார்கள், ஆனால் பிள்ளைகளுக்கு முன்னாலேயே போட்டுவிடுவார்களே என்று நினைத்துக்கொண்டாள். அவள் அழுதுகொண்டேதான் ஏறினாள். மனசுக்குள் ஒரு பிள்ளையின் முகம் வந்துகொண்டே இருந்தது. அது யார் பிள்ளையும் இல்லை, அவள் பார்த்தே இராத பிள்ளை.

அவள் தாமு வீட்டுக்குள் பாய்ந்தபோது தட்டு நடுவில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சுற்றி நாலு பிள்ளைகள். சின்னவன் ஒரு வெள்ளைத் தண்டை எடுத்து ஊதிக்கொண்டிருந்தான். யம்னா அவன் கையைத் தட்டிவிட்டு, தட்டின் மேலேயே விழுந்து வாரிக் கொட்டினாள். சூட்டில் அவள் உள்ளங்கை கொப்பளித்தது பிறகுதான் தெரிந்தது. இடையன் கம்பை ஓங்கிவிட்டான்.

"அத்தாத்" என்றாள் அவள்.

கம்பு அப்படியே நின்றது. தாமு ஒவ்வொரு பிள்ளையாக வாயைப் பிளந்து விரலை விட்டுப் பார்த்தாள். யாரும் தின்றிருக்கவில்லை, சூடாக இருந்ததால். அது தெரிந்த பிறகும் மூன்று நாள் யம்னா அந்த வீட்டு வேலிக்கு வெளியிலேயே கிடந்தாள். உள்ளே ஒரு பிள்ளை இருமினால் இவளுக்கு உயிர் போய் வந்தது. நாலாம் நாள் தாமு ஒரு கிண்ணம் மோர் கொண்டுவந்து வைத்து, "போக்கா, பிள்ளைங்க நல்லா இருக்குதுங்க. நீ இங்க கிடந்தா எனக்குத்தான் பயமா இருக்கு" என்றாள்.

பதினாறு கட்டில் எதில் அது இருந்தது என்பது கடைசி வரைக்கும் தெரியவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. யம்னா எல்லாக் கட்டுகளையும், அந்தக் கிழங்கையும் சேர்த்துக் கொளுத்தினாள். நல்ல செடிகளையும் விட்டுவைக்கவில்லை, கொல்லை முழுவதையும் கொத்திப் போட்டாள். அதற்கு அடுத்த மூன்று வாரம் அவள் சந்தைக்குப் போகவில்லை. நாலாவது வாரம் மலையில் பறித்த குர்னினாவை உருவாமல், முள்ளும் இலையுமாகக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். வெள்ளை நரம்பு பளிச்சென்று தெரியும்படி வைத்திருந்தாள். பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஜனங்கள் அவள் இருந்த பக்கம் வந்ததும் சற்றே விலகி வளைந்து போனார்கள். மூஹா மட்டும் வந்து ஒரு கட்டு வாங்கி, எல்லோரும் பார்க்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சந்தையை ஒரு சுற்றுச் சுற்றினான். அவனிடம் அப்படி ஒரு நல்ல குணம் இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

வெயில் ஏறிய நேரத்தில் ஒரு பெண் வந்து அவள் எதிரே குந்தினாள். பதினெட்டு, பத்தொன்பது இருக்கலாம். கல்யாண மருதாணி கையில் நகத்தளவுக்கு மிச்சம் இருந்தது. இந்த ஊர்ப் பெண் இல்லை, எங்கிருந்தோ கட்டிக்கொண்டு வந்தவள். யம்னாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர்க்கதை தெரியாத ஒருத்தியாவது வாங்கட்டும் என்று நினைத்தாள்.

"எடுத்துக்கோம்மா. இலையோட இருக்கு, புரட்டிப் பார்த்தே எடு."

பெண் இலையைத் தொடவில்லை.

"இது வேணாம் அக்கா. அன்னிக்கு ஒருத்தர் கூவினாரே, அது."

யம்னாவுக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது இல்ல. எரிச்சுட்டேன்."

"பரவால்ல. எந்தச் சரிவு, எந்த மரத்துக்குக் கீழன்னு அவரே சொன்னாரே. போய்ப் பாத்துட்டேன். நிறைய இருக்கு." அவள் குரலில் கோபமே இல்லை. உப்புக் கேட்கிற மாதிரி கேட்டாள். "ஒண்ணு போதுமான்னு கேக்கத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"எலிக்கு."

"எத்தனை எலி இருக்கு உங்க வீட்ல?"

பெண் தலையைத் திருப்பிப் பார்த்தாள். சேணக்காரன் கடையில் கையை ஆட்டி ஆட்டிப் பேரம் பேசிக்கொண்டிருந்த ஓர் ஆளின் முதுகு தெரிந்தது. அப்படித் திரும்பியபோது தலைத்துணி நழுவி, காதுக்குக் கீழே கழுத்தில் நாலு விரல் பதிந்த கறுப்புத் தெரிந்தது. அவள் துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுதான்" என்றாள்.

அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். யம்னா கொப்பளத் தழும்பு மாறாத கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். முள்ளுக்கு மேலே கை போனது, இரண்டு பேருக்கும் கீறியது, விடவில்லை. பெண் இழுத்தாள், சத்தம் போடாமல் இழுத்தாள், சத்தம் போட்டால் அந்த ஆள் திரும்புவான் என்று அவளுக்கும் பயம். இந்தக் கையை விட்டால் என்ன நடக்கும் என்று யம்னாவுக்குத் தெரியும். இவளை அந்த ஆளோடு திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்பதும் அந்தக் கழுத்தைப் பார்த்த பிறகு தெரியும். கூவிச் சொல்லி ஊரைக் காப்பாற்ற முடிந்தது. இதை எவனைக் கூப்பிட்டு எந்தத் திண்டில் ஏற்றிக் கூவச் சொல்வது?

"உன் பேரு என்னம்மா?" என்று கேட்டாள்.

பெண் மறுபடியும் கையை இழுத்தாள். சேணக் கடையில் பேரம் முடிந்துவிட்டது, அந்த ஆள் மனைவியைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். யம்னா பிடியை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.